நோயாளியாக நடிப்பவர்

1963-ஆம் ஆண்டில், தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் நரம்பு வைத்தியம் போதித்துவந்த ஹோவர்ட் பாரோஸ் என்பவர், ஓவியர்களுக்கு மாடலாக அமரும் பெண்ணொருத்திக்கு, கால்கள் செயலிழந்த நோயாளியின் பூர்வ சரித்திரத்தையும், வைத்தியர் சுத்தியலால் தட்டும்போது அவள் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதையும் பொறுமையுடன் கற்பித்து, மாணாக்கர்களின் பரீட்சைக்கு அமர்த்தினார். ஏனெனில், மெய்யான நோயாளியைப் பலர் அடுத்தடுத்துப் பரிசோதித்தால் அவர் களைத்துப்போவார். நோயின் நிலையும் நாளுக்கு நாள் மாறும். ஆகவே மாணாக்கர் எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது. சக வைத்தியர் சிலர் பரிகசித்தனர், ஆனால் பாரோஸ் தளரவில்லை.

பயிற்சி பெற்ற நடிகரோ, வயிற்றில் இன்ன இடத்தில் கை பட்டதும் முகம் சுளிப்பார். கேட்டாலன்றிக் குடும்பத் துயரத்தை வாய்திறந்து சொல்லமாட்டார். முடிவில் வேஷத்தைக் களைந்து, "நான் பேசியபோது தாங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை" என்று எடுத்துரைக்கவும் செய்வார். இந்தக் கடைசி உபகாரமே எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. வைத்தியரிடம் கொண்ட அச்சத்தாலும் மரியாதையாலும், உண்மை நோயாளி இதைச் சொல்ல எளிதில் துணியமாட்டார்.

1975-இல் ஸ்காட்லாந்தின் ரொனால்ட் ஹார்டன் வகுத்தளித்த, மாணாக்கர் நிலையம் நிலையமாகச் சுற்றிவரும் செய்முறைப் பரீட்சை, இந்நடிகர்களுக்கு நிரந்தர ஸ்தானம் அளித்தது. புற்றுநோய் என்ற கொடிய செய்தியை எவ்வாறு தெரிவிப்பது என்பதையும், தவறினாலும் எந்த நோயாளியின் மனமும் நொறுங்காதவாறு, இளம் வைத்தியர்கள் இன்று அந்நடிகர்கள் முன்னிலையிலேயே பழகுகிறார்கள்.