ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி கெடுகிறதா? ஓட்டுநர்கள் முன்கூட்டியே அறிவது எப்படி?

ஜார்ஜ்டவுன் - பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது முதல், பினாங்கின் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நம்மவர் பலருக்குப் பிழைப்பு தரும் இடங்களாக இருந்து வருகின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அவற்றில் உண்டு. தீவிலும் சரி, அக்கரையில் பிறை, பட்டர்வொர்த்திலும் சரி, சரக்கைத் தூக்கி வைப்பது ஃபோர்க்லிஃப்ட்தான். மூடிய கிடங்குகளில் புகை கூடாது என்பதால் அங்கு பேட்டரி வண்டிகளே அதிகம்.

அந்த வண்டி பாதி வேலையில் நின்றுவிட்டால், முதல் கேள்வி ஓட்டுநரிடம்தான் வரும்: "நேற்று ஒழுங்காக சார்ஜ் போட்டாயா?" ஆனால் பேட்டரி பெரும்பாலும் ஒரே நாளில் கெடுவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே அறிகுறி காட்டும். அதைக் கவனித்து எழுதி வைத்திருந்தால் பதில் சொல்வது எளிது.

ஒரு செல் போதும்

48 வோல்ட் ஈய அமில பேட்டரியில் தலா 2 வோல்ட் கொண்ட 24 செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரே மின்னோட்டம் எல்லா செல்கள் வழியாகவும் போவதால், ஒரு செல் பலவீனமானாலும் முழு பேட்டரியும் தடுமாறும். அதனால் 'பேட்டரி போய்விட்டது' என்று சொல்வதற்கு முன், எந்த செல் என்று பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* முழு சார்ஜில் எட்டு மணி நேர வேலைக்குத் தாங்கிய வண்டி, மதியத்திற்கு முன்பே சோர்ந்து போவது. கொள்ளளவு 80 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது பொதுவான கணக்கு. நாளுக்கு ஒரு முறை சார்ஜ் செய்யும் நல்ல பேட்டரி ஏறத்தாழ ஐந்து ஆண்டு உழைக்கும்.

* பாரத்தோடு மேலே தூக்கும்போது வேகம் குறைவது. இந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரும் சூடாகிக் கெடும்.

* ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடாவது, அல்லது அதிகமாகத் தண்ணீர் குடிப்பது.

* இணைப்பு முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் படிவு, அமிலக் கசிவு, பெட்டி உப்புதல்.

* அழுகிய முட்டை நாற்றம். இது நச்சு வாயு. உடனே விலகி, மற்றவர்களையும் விலக்கி, மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் வெளியாகும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே வெடிக்கக்கூடும். சார்ஜ் போடும் இடத்தில் சிகரெட், தீப்பொறி இரண்டும் ஆகாது.

உறுதி செய்வது எப்படி?

பயிற்சி பெற்றவர், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கலாம். முழு சார்ஜில் பொதுவாக 1.280 அளவில் இருக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030 அல்லது அதற்கும் மேல் குறைந்திருந்தால், அந்த செல்லின்மேல் சந்தேகப்படலாம். தண்ணீர் ஊற்றியவுடன் அளந்தால் கணக்கு தவறும்.

அதே வேளையில், எல்லா பலவீனமும் முடிவு அல்ல. சார்ஜர் பழுது, தளர்ந்த கேபிள், குறைந்த தண்ணீர் ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டதால் ஈயத் தகடுகளில் படிவு ஏறியிருந்தால், எல்லா செல்களையும் சமன் செய்யும் நீண்ட சார்ஜ் போட்டு ஓரளவு மீட்கலாம்.

வெயிலும் தண்ணீரும்

பேட்டரிக்கு உகந்த வெப்பநிலை 25 பாகை செல்சியஸ். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பார்கள். பகலில் 30 பாகையைத் தாண்டும் பினாங்கில், சார்ஜ் முடிந்ததும் பேட்டரியை ஆறவிடுவது அவசியம். காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம். குழாய்த் தண்ணீரும் கூடுதல் அமிலமும் கூடாது. லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீரே கிடையாது.

எழுதி வையுங்கள்

பேட்டரி எண், தேதி, எத்தனை மணி நேரம் தாங்கியது, என்ன அறிகுறி என்று நாள்தோறும் ஒரு வரி எழுதி, மேற்பார்வையாளரிடம் கொடுத்துப் படியும் வைத்துக்கொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையை அது தொழிலாளிக்குத் தருகிறது. அப்போது முன்பே தெரிவித்ததைக் காட்ட அந்த வரிகள் உதவும்.

கெட்ட பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. ஈய அமில பேட்டரி 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். புதிய பேட்டரி வாங்கும்போது எடையையும் பாருங்கள். முன்னால் தூக்கும் பாரத்துக்கு ஈடாக வண்டி கவிழாமல் காப்பதில் பேட்டரியின் எடைக்கும் பங்குண்டு. வண்டியின் தகட்டில் குறித்திருப்பதைவிட எடை குறைந்ததைப் பொருத்தினால், பாரம் தூக்கும்போது வண்டி முன்பக்கம் சாயும்.