முகவரி இல்லாத தளத்துக்கு ஒரு முகவரி

பயனரின் முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பில் இயங்கும் 'ஆனியன்' தளங்களுக்கு ஐ.பி. முகவரி கிடையாது. அவற்றின் பெயர், தளத்தின் பொதுச் சாவியையே எழுத்துகளாக மாற்றி எழுதிய 56 எழுத்துக் கோவை. அதன் பின்னால் எந்த நாட்டில் எந்தக் கணினி இருக்கிறது என்று உலகின் எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்டாலும் சொல்லாது, அதற்கே தெரியாது. ஆனாலும், டோர் என்ற பெயரையே கேள்விப்படாத பழைய நிரல் ஒன்றை அந்தத் தளத்தோடு பேசவைக்க முடியும். நிரலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். வீட்டு வலையமைப்பின் வாசலில், அதாவது கேட்வேயில், ஒரு லினக்ஸ் கணினியை உட்காரவைத்தால் போதும்.

இதில் ஏன் வியப்பு என்பது புரிய, இணையத்தில் ஒரு பெயருக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும். உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் முதலில் கிளம்புவது ஒரு சின்ன விசாரணை: 'இந்தப் பெயருக்கு எண் என்ன?' பால் மொக்கபெட்ரிஸ் 1983-ல் வடிவமைத்த டிஎன்எஸ் முறைப்படி, வழக்கமாக அது யுடிபி பாக்கெட்டாக 53-ஆம் போர்ட்டுக்குப் போகிறது. எண் வந்ததும், அந்த எண்ணை நோக்கித் தனியாக ஒரு டிசிபி இணைப்பு தொடங்குகிறது. அந்த இணைப்பின் பாக்கெட்டுகளின் தலைப்பில் இருப்பது எண் மட்டுமே. பெயர் போன வழி வேறு, தரவு போகும் வழி வேறு.

நடுவில் நின்று நமக்காகப் பேசும் ப்ராக்ஸியைப் பயன்படுத்தத் தெரிந்த நிரலுக்கு இதனால் சிக்கல் இல்லை. 1996-ல் வரையறுக்கப்பட்ட 'சாக்ஸ் 5' முறையில், 'இந்தப் பெயருள்ள தளத்தோடு என்னை இணை' என்று பெயரையே ப்ராக்ஸியின் கையில் கொடுத்துவிடலாம். கேட்வேயில் உட்காரும் ட்ரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸியின் நிலைமை அப்படியல்ல. அங்கே நிரலுக்கு நடுவில் ஒருவர் இருப்பதே தெரியாது. தான் நேரடியாகப் பேசுவதாகவே அது நம்புகிறது.

அந்த நம்பிக்கையைக் கட்டிக் காப்பது லினக்ஸ் கெர்னலின் நெட்ஃபில்டர். கேட்வேக்கு வந்து சேரும் டிசிபி பாக்கெட்டில் சேருமிட முகவரியை அழித்து, அந்தக் கணினியிலேயே இயங்கும் டோர் ப்ராக்ஸியின் போர்ட்டை எழுதுகிறது; டோர் ஆவணங்கள் காட்டும் உதாரணத்தில் அது 9040. பழைய முகவரி கெர்னலின் அட்டவணை ஒன்றில் பத்திரமாக இருக்கும். 'இது முதலில் எங்கே போகப் புறப்பட்டது?' என்று ப்ராக்ஸி கெர்னலைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பதில் திரும்பும்போது, அனுப்புநர் இடத்தில் அந்தப் பழைய முகவரியே எழுதப்படுகிறது. நிரலுக்கு எந்தச் சந்தேகமும் வராது.

இத்தோடு நிறுத்தினால் கூத்துதான். தரவெல்லாம் டோர் வழியே ஒளிந்து போகும். ஆனால் அதற்கு முன்பே, எந்தத் தளத்தைத் தேடினோம் என்ற விசாரணை யுடிபி வழியே இணைய நிறுவனத்தின் சர்வருக்கு அப்பட்டமாகப் போயிருக்கும். இதை டிஎன்எஸ் கசிவு என்கிறார்கள். எனவே 53-ஆம் போர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு விசாரணையையும் மறித்து டோரின் சொந்த டிஎன்எஸ் போர்ட்டுக்குத் திருப்ப இன்னொரு விதி வேண்டும். சாதாரணத் தளம் என்றால், டோர் பாதையின் கடைசியில் இருக்கும் கணினி விசாரித்து உண்மையான எண்ணை அனுப்பும்.

ஆனியன் பெயருக்கு? அனுப்ப எண்ணே இல்லையே. ஆனால் நிரலுக்கு எண் இல்லாமல் அடுத்த அடி எடுத்துவைக்கத் தெரியாது. ஆகவே டோர் கூசாமல் ஒரு எண்ணைப் புனைகிறது. வழக்கமாக 10.192-ல் தொடங்கும் தனியார் முகவரித் தொகுதியை இதற்கென ஒதுக்குவார்கள். அதில் 41,94,304 எண்கள் உண்டு. அதிலொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, 'இந்த எண் இந்தப் பெயருக்கு' என்று தன் நினைவில் குறித்துக்கொள்கிறது. கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரி. கொடுத்த கடையைத் தாண்டினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. நிரலோ அதை மெய்யென்று நம்பி இணைப்பைத் தொடங்குகிறது. பாக்கெட் கேட்வேயைக் கடந்துதானே ஆகவேண்டும்? அங்கே மறிபட்டதும், எண்ணைப் பார்த்துப் பெயரை மீட்டு, டோர் உண்மையான பாதையை அமைக்கிறது. வழியில் தொலைந்த பெயர், இரு வழிகளையும் ஒரே ஆள் காவல் காப்பதால் திரும்பக் கிடைக்கிறது. இந்த இரண்டு விதிகளும் ஒரே கணினியில் இருந்தாக வேண்டிய காரணம் இதுதான். இணையத்தில் நான் அறிந்த பொய்களில் இவ்வளவு உபயோகமானது குறைவு.

கணினிக்கு அந்த வாசலைத் தவிர வேறு வழியே இல்லாதபடி அமைத்தால் பயன் இன்னும் கூடும். வோனிக்ஸ் இயங்குதளம் இரண்டு மெய்நிகர் கணினிகளாகப் பிரிந்திருப்பது அதற்காகத்தான். ஒன்று கேட்வே, மற்றது வேலை செய்யும் இடம். இரண்டாவதில் விஷமி நிரல் நுழைந்தாலும், அந்தக் கணினிக்கே தன் வெளி முகவரி தெரியாது.

ஓட்டைகளும் உண்டு. டோர் டிசிபியை மட்டுமே சுமக்கும்; மற்ற யுடிபி பாக்கெட்டுகளைக் கேட்வே கைவிட வேண்டியதுதான். யுடிபியில் ஓடும் க்விக் நெறிமுறையில் பேச முயலும் உலாவி, சற்றுத் தயங்கிப் பழைய டிசிபிக்கே இறங்கிவரும். டிஎன்எஸ் விசாரணையையே மறைகுறியாக்கி ஹெச்டிடிபிஎஸ் வழியே அனுப்பும் உலாவிகள் கேட்வேயின் டிஎன்எஸ்ஸைக் கேட்பதே இல்லை. சாதாரணத் தளங்கள் திறக்கும், புனைந்த எண் தேவைப்படும் ஆனியன் திறக்காது. முகவரியை மறைத்தாலும், உலாவி தன்னைப் பற்றித் தானே உளறும் விவரங்களைக் கேட்வேயால் தடுக்க முடியாது.

வேடிக்கையான ஓட்டை ஒன்று, பாதுகாப்புக்காகவே வந்தது. ஆனியன் பெயர்கள் தவறிப்போய்ப் பொது டிஎன்எஸ்ஸில் கசியக் கூடாது என்பதால், சாதாரண நிரல்கள் அவற்றை விசாரிக்கவே கூடாது என்று 2015-ல் ஓர் இணைய விதி வெளியானது. ஃபயர்ஃபாக்ஸ் அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. விளைவு, வாசலில் எண்ணோடு காத்திருக்கும் கேட்வேயிடம் அது கேள்வியே கேட்பதில்லை. அமைப்புகளுக்குள் போய் அந்தத் தடையை நாமே நீக்க வேண்டும். விதியை அறியாத பழைய நிரலுக்கு அந்தத் தொல்லை இல்லை.