மோதலுக்கு நடுவே பதினைந்து ஆண்டு! பிரையன் ஓ'டிரிஸ்கல் பற்றி இதெல்லாம் தெரியுமா?

ரக்பியில் 13ஆம் எண் சட்டைக்காரருக்கு என்ன வேலை தெரியுமா? நூறு கிலோ ஆட்கள் முழு வேகத்தில் ஓடிவந்தால் மடக்கிக் கீழே தள்ள வேண்டும். பந்து தன் கைக்கு வந்தால், அதே ஆட்களுக்கு நடுவே இடைவெளி பார்த்துப் புகுந்து ஓட வேண்டும். ஹெல்மெட்டும் கிடையாது, கனமான கவசமும் கிடையாது. அயர்லாந்தின் பிரையன் ஓ'டிரிஸ்கல் அந்த இடத்தில் 1999 முதல் 2014 வரை நின்றார்!

மாகாணத்துக்கு முன்பே நாடு!

மாவட்டம், மாநிலம், அப்புறம்தான் தேசிய அணி என்பதுதானே எங்கும் வழக்கம்? டப்ளின்காரரான ஓ'டிரிஸ்கலுக்கு எல்லாம் தலைகீழ். தன் மாகாண அணியான லீன்ஸ்டருக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத நிலையில், 20 வயதில் நேராக அயர்லாந்து அணியில் இடம்! 1999 ஜூனில் பிரிஸ்பேனில் முதல் ஆட்டம். ஆஸ்திரேலியா 46-10 என்று அடித்துத் துவைத்தது வேறு கதை. அவரை நம்பிக் களமிறக்கிய பயிற்சியாளர் பெயர் வாரன் கேட்லண்ட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறார்!

42 ஆண்டில் இரண்டே வெற்றி, இரண்டிலும் இவர்!

பாரிஸ் என்றால் அயர்லாந்து ரக்பிக்கு அடிவயிற்றைக் கலக்கும். 1972இல் வென்றதோடு சரி. அப்புறம் 28 ஆண்டு போனபோதெல்லாம் தோல்வி. 2000 மார்ச்சில் 21 வயது ஓ'டிரிஸ்கல் அங்கே போய் ஒரே ஆட்டத்தில் மூன்று ட்ரை போட்டார்! (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் ஒரு ட்ரை, அதற்கு ஐந்து புள்ளி.) 27-25 என அயர்லாந்து வென்றது. அடுத்த பாரிஸ் வெற்றி எப்போது தெரியுமா? 2014 மார்ச்சில், 22-20 கணக்கில். அது ஓ'டிரிஸ்கல் நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டம்! கூடவே ஆறு ஐரோப்பிய நாடுகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் கோப்பையும் கைக்கு வந்தது.

காற்றில் விட்ட புல்... கழன்ற தோள்!

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கிலும் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தென் அரைக்கோள நாடுகளுக்கு அனுப்பும் அணிதான் லயன்ஸ். 2005இல் நியூசிலாந்து போன லயன்ஸுக்கு ஓ'டிரிஸ்கல் கேப்டன். கிறைஸ்ட்சர்ச்சில் முதல் டெஸ்ட். எதிரணி கண்ணை உருட்டி, தொடையைத் தட்டி, மாவோரி போர் நடனமான ஹாக்கா ஆடியது. ஓ'டிரிஸ்கல் எதிரே நின்று பார்த்தார். முடிந்ததும் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார். உங்கள் சவாலை ஏற்றோம் என்று மரியாதையாகச் சொல்ல மாவோரி மரபில் அதுதான் வழி என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நியூசிலாந்தின் தானா உமாகா ஒரு பக்கம், கெவன் மியாலமு மறுபக்கம்! இருவருமாகத் தூக்கித் தலைகீழாகத் தரையில் போட்டார்கள். தோள்பட்டை கழன்றது, கேப்டனுக்கு அந்தப் பயணமே முடிந்தது. அதைவிட வியப்பு, தூக்கிப் போட்ட இருவருக்கும் எந்தத் தண்டனையும் இல்லை!

தக்காளி தத்துவம்!

2009 சிக்ஸ் நேஷன்ஸில் இங்கிலாந்து ஆட்டத்துக்கு முந்தைய செய்தியாளர் சந்திப்பு. எதிரணி மேலாளர் மார்ட்டின் ஜான்சனைப் பற்றி யாரோ கேட்கிறார்கள். ஓ'டிரிஸ்கல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்ன பதில்: தக்காளி ஒரு பழம் என்று தெரிந்திருப்பது அறிவு, அதைப் பழக் கலவையில் போடாமலிருப்பது ஞானம்! அத்தனை நிருபர்களும் திருதிருவென விழித்தார்கள். களத்தில் என்ன நடந்தது? இவர் ஒரு ட்ரை, ஒரு டிராப் கோல். (பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் டிராப் கோல், அதற்கு மூன்று புள்ளி.) 14-13 என ஒரே ஒரு புள்ளியில் அயர்லாந்து வெற்றி!

61 ஆண்டுத் தவம்!

அதே தொடரின் கடைசி ஆட்டம், கார்டிஃபில் வேல்ஸோடு. சிக்ஸ் நேஷன்ஸில் ஐந்து ஆட்டத்தையும் வென்றால் கிராண்ட் ஸ்லாம். அயர்லாந்து அதைக் கடைசியாகச் செய்தது 1948இல்! இடைவேளையில் வேல்ஸ் 6-0 முன்னிலை. மறுபாதி தொடங்கியதும் கேப்டன் ஓ'டிரிஸ்கல் குவியலுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பந்தைக் கோட்டுக்கு மேல் அழுத்தினார். அடுத்த சில நிமிடத்தில் டாமி போவ் இன்னொரு ட்ரை. ஆனாலும் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் வேல்ஸ் 15-14 என்று தாண்டிவிட்டது! ரோனன் ஓ'காரா ஒரு டிராப் கோல் அடித்து 17-15 ஆக்கினார். விட்டதா? இல்லை! கடைசி உதை வேல்ஸின் ஸ்டீபன் ஜோன்ஸுக்கு. கிட்டத்தட்ட மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து அடித்த பந்து கம்பத்துக்கு முன்னால் இறங்கிவிட்டது. 1948 அணியின் நாயகன் ஜாக் கைல் அரங்கில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்!

துப்பாக்கிச் சத்தம் கேட்ட மைதானம்!

டப்ளினின் க்ரோக் பார்க், அயர்லாந்தின் பாரம்பரிய கேலிக் விளையாட்டுகளின் கோயில். 1920 நவம்பரில் அங்கே பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் மாண்டார்கள். பல பத்தாண்டுகள் ரக்பிக்கு அங்கே அனுமதியே இல்லை. ரக்பி அணியின் சொந்த இடமான லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தை இடித்துக் கட்டியபோதுதான் கதவு திறந்தது. 2007இல் இங்கிலாந்து அணி வந்தது. இங்கிலாந்துக்கான கீதம் ஒலிக்கையில் ஒரு கூச்சல்கூட எழவில்லை. அப்புறம் 43-13 என அயர்லாந்து வென்றது! கேப்டன் யார்? சிறுவயதில் கேலிக் கால்பந்து ஆடி வளர்ந்த நம் ஓ'டிரிஸ்கல்தான்.

கதவைத் திறந்தவரே சாத்தினார்!

2001, 2005, 2009 என மூன்று லயன்ஸ் பயணம். மூன்றிலும் தொடர் தோல்வி. நான்காவது 2013, ஆஸ்திரேலியாவில். இரண்டு டெஸ்ட் முடிந்து 1-1 சமநிலை. சிட்னியில் தீர்மானிக்கும் ஆட்டம். அணிப் பட்டியல் வருகிறது. 23 பேரில் ஓ'டிரிஸ்கல் பெயரே இல்லை! நீக்கிய பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே வாரன் கேட்லண்ட்! அயர்லாந்தே கொதித்தது. ஆனால் லயன்ஸ் 41-16 என வென்று 16 ஆண்டுக்குப் பிறகு தொடரைக் கைப்பற்றியது. ஓ'டிரிஸ்கல் இடம்பெற்ற ஒரே வெற்றித் தொடர். அதன் கடைசி ஆட்டத்தில் அவர் வேடிக்கை பார்ப்பவர்!

மூச்சுமுட்டும் கணக்கு!

அயர்லாந்துக்கு 133 ஆட்டம், லயன்ஸுக்கு 8. மொத்தம் 141, ஓய்வுபெற்ற அன்று அது உலக சாதனை. 83 முறை அயர்லாந்துக்குக் கேப்டன். நாட்டுக்காக 46 ட்ரை. லீன்ஸ்டரோடு மூன்று ஐரோப்பியக் கோப்பை. சிக்ஸ் நேஷன்ஸிலும் அதன் முன்னோடித் தொடர்களிலுமாக ஸ்காட்லாந்தின் இயன் ஸ்மித் 1933இல் விட்டுப்போன 24 ட்ரை சாதனையை 2011இல் உடைத்து, 26இல் நிறுத்தினார்!

இவ்வளவும் செய்தவர் செய்யாதது?

நியூசிலாந்தை அவர் ஒருமுறைகூட வென்றதில்லை! 2013 நவம்பரில் டப்ளினில் அயர்லாந்து 19-0 என்று எகிறியது. 80 நிமிடம் முடிந்தபோதும் 22-17 முன்னிலை. அதற்கப்புறம் நியூசிலாந்து ஒரு ட்ரை போட்டுச் சமன் செய்தது. ட்ரைக்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளி உதை தவறியது. ஆனால் அயர்லாந்துக்காரர்கள் முன்கூட்டியே ஓடிவந்துவிட்டதால் மறுவாய்ப்பு! இந்த முறை தவறவில்லை. 24-22. மூன்று ஆண்டு கழித்து சிகாகோவில் அயர்லாந்து 40-29 என நியூசிலாந்தை முதன்முறையாக வீழ்த்தியது. அப்போது ஓ'டிரிஸ்கல் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அதே 2016இல் உலக ரக்பியின் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. நியூசிலாந்தை வென்றிருக்க வேண்டும் என்று அங்கே விதி எதுவும் இல்லை!