மலைப்பாதையும் சிறு வண்டியும் – 7: வின்ச்சும் மீட்புச் சாமான்களும்

சென்ற வாரம் டயர்களில் காற்றைக் குறைத்து ஓட்டும் முறையைப் பற்றி விரிவாகப் பார்த்தோம். அந்த உபாயமும் பலிக்காமல், சக்கரங்கள் தாமே தோண்டிக்கொண்ட குழியில் வண்டி அச்சுவரை அமிழ்ந்து, அதன் அடிவயிறு சேற்றில் படிந்துவிட்டால் பிறகு செய்ய வேண்டியது என்ன என்ற கேள்வி அதை அடுத்து எழுவது இயல்பே. இந்தக் கேள்விக்கு இன்று கடைகளிலும் நண்பர்கள் கூட்டத்திலும் உடனே கிடைக்கும் விடை, வண்டியின் முகப்பில் கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் ஒரு பெரிய மின்சார வின்ச்சைப் பொருத்திவிட வேண்டும் என்பதுதான். சிறிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த விடை பெரும்பாலும் பொருந்தாது என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை நிதானமாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் சிறிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால், 1985-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மாருதி ஜிப்ஸியும், 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐந்து கதவுகளோடு விற்பனைக்கு வந்த ஜிம்னியுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. முன்னது ஏறக்குறைய ஒரு டன். பின்னது ஏறக்குறைய 1,200 கிலோ. ஆட்களும் சாமான்களுமாக நிறைந்திருக்கும்போது ஜிம்னிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும் பெரிய வண்டிகள் புதைந்துபோகிற ஈரமண்ணை இவை மேலோட்டமாகவே கடந்து போய்விடுவதற்கு எஞ்சினின் பலம் அல்ல, இந்த இலேசான சரீரமே காரணம். ஆகவே மீட்புக்கென்று நாம் வாங்கும் எந்தச் சாமானும் அந்த இலேசுத் தன்மையைக் கெடுக்குமானால், வண்டியைச் சேற்றில் சிக்கவைப்பதற்கே நாம் பணம் செலவழித்தவர்களாவோம்.

சேறு ஒரு வண்டியை எவ்வளவு பலத்தோடு பிடித்துக்கொள்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ராணுவத்தில் புதைந்த வாகனங்களை மீட்கும் பிரிவினர் இதற்கு ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள். சக்கரங்கள் மட்டும் சேற்றில் மூழ்கியிருந்தால் வண்டியின் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டு வரை மூழ்கியிருந்தால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே போய்விட்டால் மூன்று மடங்கு. சரிவில் ஏற வேண்டியிருந்தால் அதற்கும் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும். நிறைசுமையோடு நிற்கும் ஜிம்னி மட்கார்டு வரை இறங்கிவிட்டதென்றால் மூன்று டன்னுக்குச் சற்று மேற்பட்ட இழுவிசை தேவை என்று ஏற்படுகிறது. மண்வெட்டியை எடுத்து, சக்கரங்களுக்கு முன்னால் உள்ள மண்ணைச் சரிவாக வெட்டி, அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் சேற்றை அகற்றி, தேங்கிய நீருக்கு ஒரு வாய்க்கால் கிழித்துவிட்டால், அதே வண்டி இரண்டாவது நிலையிலிருந்து முதல் நிலைக்கு வந்துவிடுகிறது. அதாவது அரைமணி நேர உழைப்பு ஒன்றரை டன் இழுவிசையை மிச்சப்படுத்துகிறது. நீண்ட கைப்பிடியுள்ள நல்ல மண்வெட்டி ஒன்றை முதன்மையான மீட்புக் கருவி என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

இப்போது வின்ச்சுக்கு வருவோம். வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் சக்தி வின்ச்சுக்கு இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் வழங்கிவரும் பிரமாணம். ஜிம்னிக்கு இது சுமார் 2,320 கிலோ. வியாபாரிகளின் கணக்கில் 5,000 பவுண்டுக்குச் சற்று அதிகம். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு, உருளையில் கயிறு ஒரே ஒரு சுற்று அடுக்காக இருக்கும்போது மட்டுமே உண்மையாகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள் ஏற ஏற, உருளையின் விட்டம் பெருகி, இழுக்கும் பலம் அடுக்குக்கு அடுக்கு குறைந்துகொண்டே வருகிறது. முக்கால்வாசிக் கயிறு உருளையிலேயே கிடக்க, பத்தடி தூரத்து மரத்தில் கொக்கியை மாட்டி இழுப்பவர், தாம் விலை கொடுத்து வாங்கிய சக்தியில் கணிசமான பகுதியைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்.

இந்தக் குறைவை அஞ்சித்தான் பலர் 9,500 பவுண்டு வின்ச்சைத் தேடிப் போகிறார்கள். அது எஃகுக் கம்பிவடத்தோடு சேர்ந்து 40 கிலோ அளவுக்குக் கனக்கும். அதைத் தாங்கும் இரும்புத் தளமும் பம்பரும் வேறு சேரும். இவ்வளவும் முன் அச்சுக்கு முன்னால் தொங்குவதால் ஸ்பிரிங் தாழ்ந்து, முன்சக்கரங்கள் மண்ணில் முதலில் இறங்கும். மேலும், முழுப் பாரத்தில் இழுக்கும்போது இத்தகைய மோட்டார் 400 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் உறிஞ்சும். சிறிய வண்டியின் ஆல்டர்னேட்டரால் அதில் கால்பங்கு கொடுப்பதே கடினம். மிச்சம் முழுவதும் பாட்டரியிலிருந்துதான் வர வேண்டும். சிறிய பாட்டரி சில நிமிஷங்களில் சோர்ந்துவிட, வண்டியும் சேற்றில், மின்சாரமும் இல்லை என்ற பரிதாபமான நிலை நேர்கிறது. ஆகவே வின்ச் வைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை, 5,000 முதல் 6,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறிய வின்ச், நல்ல நிலையிலுள்ள பாட்டரி, எஞ்சினை ஓடவிட்டே இழுக்கும் பழக்கம், ஒரு நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்காமல் மோட்டாரை ஆறவிடும் பொறுமை ஆகியவையே.

பலம் போதவில்லையென்றால் அதற்குப் பரிகாரம் கப்பி. வின்ச்சிலிருந்து புறப்படும் கயிற்றை மரத்தில் கட்டிய கப்பியின் வழியே திருப்பிக்கொண்டு வந்து வண்டியிலேயே மாட்டினால், வேகம் பாதியாகி இழுவிசை ஏறக்குறைய இரட்டிக்கிறது. கயிறும் அதிகமாக வெளியே வந்துவிடுவதால் உருளையில் அடுக்கு குறைந்து மேலும் பலம் கிடைக்கிறது. இரண்டு கிலோ எடையுள்ள ஒரு கப்பி, 20 கிலோ கூடுதலான மோட்டாரின் வேலையைச் செய்துவிடுகிறது என்றால், சிறிய வண்டிக்கு எது உகந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒன்றை மட்டும் மறக்கலாகாது. கயிற்றின் இரண்டு பகுதிகளும் கப்பியைத் தம் பக்கம் இழுப்பதால், கப்பியைத் தாங்கும் ஷேக்கிள் என்னும் இணைப்பு வளையமும், மரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டையும் வின்ச்சைப் போல இரட்டிப்பு பாரத்தைச் சுமக்கின்றன. 5,000 பவுண்டு வின்ச் முழுமூச்சாக இழுக்கும்போது அந்த இடத்தில் நாலரை டன் பாரம் விழுகிறது. எனவே வண்டியில் மாட்ட 3.25 டன் ஷேக்கிள் போதும் என்றாலும், கப்பியில் 4.75 டன் என்று அச்சு வார்த்திருக்கும் முக்கால் அங்குல ஷேக்கிளே வேண்டும். பாரத்தின் அளவு பொறிக்கப்படாத ஷேக்கிள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைக் கையால் தொடவேண்டாம்.

கயிறு விஷயத்தில் எனக்குத் தயக்கம் சிறிதும் இல்லை. எஃகுக் கம்பிவடம் பாறையில் உராய்வதைத் தாங்கும், வெயிலுக்கு அஞ்சாது. அதற்காகவே அதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் அது கனமானது. அறுந்த இழைகள் முள்ளாக நின்று கையைக் கிழிக்கும். பாரத்தில் அறுபட்டால் எதிரில் இருப்பவர் உயிருக்கு ஆபத்து. டைனீமா போன்ற செயற்கை இழைக் கயிறு, அதே பலத்தைச் சிறு பங்கு எடையில் தருவதோடு, நீரில் மிதக்கவும் செய்கிறது. அறுந்தாலும் கம்பிவடத்தின் உக்கிரம் அதற்கு இல்லை. அதற்குரிய பகைவர் மூவர்: வெயில், இழைகளுக்குள் புகும் மணல், உஷ்ணம். சுமார் 150 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும் பொருள் அது. பெரும்பாலான மின்சார வின்ச்சுகளில் பிரேக் உருளைக்குள்ளேயே இருப்பதால், வண்டியைச் சரிவில் நெடுந்தூரம் இறக்கும்போது உருளை கொதித்து, அதை ஒட்டிய அடுக்கு கெட்டுப்போகலாம். ஒவ்வொரு பிரயாணத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மூடிவைக்க மனமுள்ளவர்கள் செயற்கைக் கயிற்றையே வாங்கலாம்.

இனி, துணை வண்டியைக் கொண்டு இழுப்பதைப் பற்றி. இழுபட்டு நீண்டு, பிறகு சுருங்கும் நைலான் ஸ்ட்ராப்பும், அதே குணமுள்ள கைனெட்டிக் ரோப்பும், சிறிய வண்டிக்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த சாதனங்கள். மிக அதிகமான விபத்துகளுக்கு இடங்கொடுப்பவையும் இவையே. ஆஸ்திரேலியாவில் இவற்றால் உயிர்கள் போனதை முன்னிட்டு, ஸ்ட்ராப்பின் மேல் எச்சரிக்கை வாசகம் இருக்கவேண்டும் என்று சட்டமே செய்திருக்கிறார்கள். அங்கே பின்பற்றும் அளவு, இரண்டு வண்டிகளில் இலேசானதன் மொத்த எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு அறுபடும் பலம் இருக்க வேண்டும் என்பது. ஜிம்னிக்கு இது மூன்றிலிருந்து நாலரை டன். நம் கடைகளில் 8 டன், 11 டன் என்று விற்பதை அதிகப் பாதுகாப்பு என்று எண்ணி வாங்குகிறவர்கள், நீளாத கயிற்றை வாங்குகிறார்கள். சிறிய வண்டியின் வேகத்தால் அது நீள்வதே இல்லை, முழு அதிர்ச்சியும் வண்டியின் அடிச்சட்டத்தின் மேலும் கொக்கியின் மேலும் விழுகிறது. நனைந்த நைலான் பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடும் என்பதையும் மழைக்காலத்தில் நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே நான் உரத்துச் சொல்ல விரும்பும் எச்சரிக்கை ஒன்று உண்டு. டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் ஸ்ட்ராப்பை மாட்டி ஒருபோதும் இழுக்கக்கூடாது. அந்தக் குண்டு நிதானமாக இழுப்பதற்கென்று செய்யப்பட்டது; வெடுக்கென்று வரும் அதிர்ச்சியில் அதன் கழுத்து முறிந்து, நீண்டிருந்த ஸ்ட்ராப்பின் வேகத்தோடு எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு ஓட்டுபவரைக் கொன்ற விபத்துகள் நடந்திருக்கின்றன. பல வண்டிகளின் அடியில், லாரியிலும் கப்பலிலும் ஏற்றும்போது கட்டிவைப்பதற்கென்றே வைத்திருக்கும் மெல்லிய வளையங்களுக்கும் இது பொருந்தும். அடிச்சட்டத்தோடு தகுந்த போல்ட்டுகளால் இணைத்த, பாரத்தின் அளவு தெரிந்த இழுவைக் கொக்கி முன்னும் பின்னும் இல்லாத வண்டிக்கு எந்தக் கயிறும் வாங்கவேண்டாம். இழுக்கும்போது கயிற்றின் நடுவே கனமான சாக்கையோ போர்வையையோ போட்டு, வேடிக்கை பார்ப்போரைக் கயிற்றின் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிறுத்துங்கள்.

துணை வண்டி இல்லாமல் தனியே போகிறவர்களுக்கு மின்சார வின்ச்சைக் காட்டிலும் மேலானது ஒன்று இருக்கிறது. கட்டட வேலையிலும் மின்கம்பம் நிறுத்தும் வேலையிலும் நம்மவர்கள் காலங்காலமாகக் கையாளும் டிர்ஃபர் என்னும் கைநெம்புகோல் யந்திரந்தான் அது. 800 கிலோ, 1,600 கிலோ, 3,200 கிலோ என்ற அளவுகளில் வரும் அதில், நடுவிலுள்ளது கப்பியோடு சேர்ந்தால் ஜிம்னிக்குத் தாராளமாகப் போதும். பாட்டரி வேண்டாம்; வண்டியில் எதையும் வெட்டி ஒட்டவேண்டாம்; எல்லாவற்றுக்கும் மேலாக, பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் இழுக்க முடியும். முகப்பில் பொருத்திய வின்ச்சோ, நம்மைச் சிக்கவைத்த இடத்துக்குள்ளேயே இன்னும் ஆழமாக இழுத்துப் போகவே பெரும்பாலும் உதவுகிறது. வந்த வழியே திரும்புவதுதான் அநேகமாக எல்லாச் சமயங்களிலும் உத்தமம். கையால் இழுப்பதை அற்பமாக நினைப்பவர்கள், 1988 ஜூலையில் கேரளத்தின் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்டு எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, பேப்பூர் மாப்பிளை கலாசித் தொழிலாளர்கள் கப்பிகளையும் வடங்களையும் கைவின்ச்சுகளையும் கொண்டு ரயில் பெட்டிகளை நீரிலிருந்து மீட்க உதவியதை எண்ணிப் பார்க்கலாம்.

இன்னும் கவனிக்க வேண்டியவை இரண்டு. மரத்தில் கட்டும்போது அகலமான துணிப்பட்டையைத்தான் சுற்ற வேண்டும். கம்பிவடத்தை நேரே சுற்றினால் மரத்தின் பட்டை உரிந்து, உணவோட்டம் தடைப்பட்டு, நம்மைக் காப்பாற்றிய மரம் பட்டுப்போகக்கூடும். மற்றொன்று, சட்டம் சம்பந்தப்பட்டது: வண்டியின் முகப்பில் இரும்புத் தடுப்புகள் பொருத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு விரோதமென்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு அறிவித்திருக்கிறது. பெரிய வின்ச்சைச் சுமக்கும் இரும்பு பம்பர்களில் பல இந்தத் தடைக்குள் அகப்படக்கூடியவை. காற்றுப்பை வேலை செய்யும் முறையையும் அவை குழப்பிவிடும்.

வின்ச் வாங்குவதற்கென்று பணம் சேர்த்து வைத்திருக்கும் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கடைக்குப் போகுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியின் அடியில் படுத்து, முன்னும் பின்னும் உள்ள கொக்கிகள் எதில், எத்தனை போல்ட்டில் நிற்கின்றன என்று பாருங்கள். திருப்தியில்லையென்றால் அந்தப் பணத்தின் முதல் பகுதியை அவற்றைச் சீர்செய்யச் செலவிடுங்கள், அடுத்ததாக மண்வெட்டியும், அளவான கைனெட்டிக் ரோப்பும், இரண்டு ஷேக்கிள்களும், கப்பியும், மரத்தில் சுற்றும் பட்டையும் வாங்குங்கள், மீதமிருந்தால் டிர்ஃபர். மின்சார வின்ச் அதற்குப் பிறகு.