25 புள்ளிகளின் வரவு செலவு

சென்னை மணலியை ஒட்டிய சடையங்குப்பத்தில் ஒரு சிறு தொழிற்சாலை, அதை ஒட்டி நான்கு மாடி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 200 பேர் வேலை செய்கிறார்கள். உயர் அழுத்த மின் இணைப்பு, ஒப்பந்தப் பளு 200 கேவிஏ, ஏசி 60 டன். மோட்டார், லிஃப்ட், ஜெனரேட்டர், ஏசி, தீ எச்சரிக்கை எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் மையத் தளம் ஒன்றைத் தருவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் வருகிறது. 120 புள்ளிகள் வேண்டும் என்கிறது. ஒரு சென்சாரோ சுவிட்சோ ஒரு புள்ளி. கேபிளும் ஆள்கூலியும் சேர்த்துப் புள்ளிக்கு ரூ.6,000 என்றால் முதலீடு ரூ.7.2 லட்சம். இந்தக் கட்டடமும் இங்கே வரும் விலைகளும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. மின்கட்டண விதிகளும் இயற்பியலும் அப்படி அல்ல.

பெரிய தொகையிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புக்காரர் எவ்வளவு குறைவாக இழுத்தாலும் ஒப்பந்தப் பளுவில் 90 சதவீதத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். 200 கேவிஏ என்றால் 180க்கு. கேவிஏவுக்கு மாதம் ரூ.600 வீதம் ரூ.1,08,000. இந்தக் கட்டடத்தின் உச்சப் பளு 130ஐத் தாண்டியதே இல்லை என்றால், ஒப்பந்தத்தை 150ஆகக் குறைத்து 135க்குக் கட்டலாம்: ரூ.81,000. மாதம் ரூ.27,000, ஆண்டுக்கு ரூ.3.24 லட்சம் மிச்சம். விற்பனைக் காகிதத்தில் முதல் வரியாக வருவது இதுதான். ஆனால் உச்சப் பளு மாதாமாதம் மின்வாரிய பில்லிலேயே அச்சாகி வருகிறது. 12 பில்களை எடுத்து வைத்துப் பார்க்க எந்தத் திரையும் தேவையில்லை. ஆகவே இந்த 3.24 லட்சத்தை நான் மையத் தளத்தின் வரவில் எழுதமாட்டேன்.

அடுத்து அவர்கள் சொல்வது மோட்டார் நேரத்தை மாற்றுவது. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 உச்ச நேரம். யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். அலுவலகத்தில் ஆளுக்கு 45 லிட்டர் என்பது கட்டட விதிக் கணக்கு. 200 பேருக்கு 9,000 லிட்டர். அதை 20 மீட்டர் உயரம் ஏற்றத் தத்துவப்படி 0.49 யூனிட் போதும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடினால் 1.23 யூனிட். யூனிட் ரூ.7.50 என்றால் ஒன்பது ரூபாய் சொச்சம். முழுக்க உச்ச நேரத்திலிருந்து நகர்த்தினாலும் நாளுக்கு ரூ.2.30, 300 வேலை நாளுக்கு ரூ.690. இதற்காகத் தானியங்கி வால்வு மாட்டச் சொல்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

தண்ணீரில் காசு வேறு இடத்தில் போகிறது. கழிப்பறைத் தொட்டி ஒன்றில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினால் நாளுக்கு 1,440 லிட்டர், ஆண்டுக்கு 5,25,600 லிட்டர். 9,000 லிட்டர் லாரி ரூ.1,200 என்றால் 58 லாரிகளுக்கு மேல், ரூ.70,080. யார் கண்ணிலும் படாது, சத்தமும் கேட்காது. மாடிக்கு ஒரு தண்ணீர் மீட்டர் வைத்தால், இரவு 2 மணிக்கும் எண் ஓடிக்கொண்டிருப்பது காட்டிக்கொடுத்துவிடும்.

ஏசிக்கு வருவோம். 60 டன், டன்னுக்கு 1.2 கிலோவாட், நாளுக்கு 10 மணி நேரம், 300 நாள், சராசரி 60 சதவீதப் பளு: 1,29,600 யூனிட். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் (2020 முதல் அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு அமைப்பாக வைத்து வருவது அதன் விதியால்தான்). 22ஐ 24 ஆக்கினால் 15,552 யூனிட், ரூ.1,16,640.

அளந்தால்தான் தெரியும் என்பதற்கு ஹைதராபாத் இன்ஃபோசிஸ் வளாகத்தில் 2011இல் வந்த கட்டடம் நல்ல சாட்சி. ஒரு பாதிக்கு வழக்கமான ஏசி. மறு பாதிக்குக் கான்கிரீட் தளத்துக்குள் குளிர்நீர்க் குழாய். இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். இரண்டு ஆண்டுக் கணக்கில் குழாய்ப் பாதி 34 சதவீதம் குறைவாக மின்சாரம் எடுத்தது. மீட்டரைப் பிரிக்காமல் ஒரே பில் வாங்கியிருந்தால் இது வெறும் வாதமாகவே நின்றிருக்கும்.

இப்போது கூட்டலாம். மோட்டாரின் ரூ.690ஐயும் விடாமல் சேர்த்தால், தண்ணீரிலும் ஏசியிலுமாகத் தளத்தால் வரும் மிச்சம் ரூ.1,87,410. செலவு: மென்பொருளுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம், எச்சரிக்கை வந்ததும் ஸ்பேனரோடு ஓடும் டெக்னீஷியனுக்கு மாதம் ரூ.22,000 வீதம் ரூ.2.64 லட்சம். முதலீட்டைச் சேர்க்காமலே ஆண்டுக்கு ரூ.1,76,590 நட்டம். டெக்னீஷியனை நிறுத்திவிட்டால் கணக்கு இனிக்கும், திரையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

நடந்து போகும் தூரத்தில் ஐந்து கட்டடங்கள் ஒரே தளத்தையும் ஒரே ஆளையும் பகிர்ந்தால்? ஆள் செலவு தலைக்கு ரூ.52,800. மென்பொருள் பாதி விலைக்குக் கிடைத்தால் ரூ.50,000. மீதி ரூ.84,610. புள்ளிகளையும் 120இலிருந்து 25ஆகக் குறைத்தால் முதலீடு ரூ.1.5 லட்சம், 21 மாதத்தில் திரும்பிவிடும். மின் மீட்டர் 7, அறை வெப்பம் 8, தண்ணீர் மீட்டர் 4, தொட்டி மட்டம் 3, டீசல் 1, வாயு 1, வெள்ளம் 1. மீதமுள்ள 95 புள்ளிகள் பெரும்பாலும் முதலாளி விருந்தினருக்குக் காட்டி மகிழ. வாங்குகிற மீட்டர் எதுவானாலும் 1979இல் வந்த மோட்பஸ் என்ற பொது நெறிமுறையில் பேசுமா என்று முதலில் கேட்க வேண்டும். பேசாவிட்டால் விற்றவரின் பெட்டியைத்தான் காலமெல்லாம் வாங்க வேண்டியிருக்கும்.

கடைசி இரண்டு புள்ளிகளுக்கு ரூபாயில் வரவு கிடையாது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அளந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது, வரம்பு 400. பிபிஎம் கணக்கில் அந்த 2,090 வெறும் 3. குளிர்பதனக் கிடங்குகளில் மாட்டும் சென்சார்கள் பெரும்பாலும் 25 பிபிஎம்மில்தான் அலறும். அதே கருவியை இங்கே மாட்டினால் அந்த அளவுக்கு வாயே திறக்காது. திரையில் பச்சைதான் தெரியும். ஒற்றை இலக்க பிபிஎம்மை உணரும் கருவி விலை அதிகம். இந்த வட்டாரத்தில் பேரம் பேசக் கூடாத புள்ளி அது.

வெள்ளத்துக்குச் சென்சார் மலிவு, ஆனால் வரிசை முக்கியம். புழல் ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. உபரி நீர் திறக்கும்போது வரும் எச்சரிக்கையில் வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி என்று போய்ச் சடையங்குப்பமும் வரும். விநாடிக்கு 200 கன அடி என்றாலே மணிக்கு 2 கோடி லிட்டர். ஆகவே முதல் செலவு மின் பேனலையும் ஜெனரேட்டரையும் தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் மேடைக்கு. மீதிப் பணத்தில் பேட்டரியில் ஓடும் மட்ட சென்சார் வாங்கலாம். மின்சாரம் போனால் இணைய ரவுட்டரும் படுத்துவிடும். அதனால் சிம் கார்டு போட்டு, வாட்ச்மேன் கைபேசிக்கே நேரடியாக அழைப்பு போகும்படி வைக்க வேண்டும்.