உரிமம் இழந்த ஓட்டுநரும் மறுபயிற்சியும்

பொதுச் சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டுவதற்கான உரிமை, சட்டம் சில நிபந்தனைகளுடன் வழங்கும் அனுமதியாகும். உரிய வயது, உடல்தகுதி, சாலை விதிகளைப் பற்றிய அறிவு, ஓட்டும் திறமை ஆகியவை ஒருவரிடம் உள்ளன என்று உரிமம் வழங்கும் அதிகாரி மனநிறைவு கொண்ட பிறகே அவருக்கு இவ்வனுமதி கிடைக்கிறது. மது அருந்திய நிலையில் வாகனத்தைச் செலுத்துபவர் அந்த மனநிறைவின் அடிப்படையையே தகர்த்துவிடுகிறார். அபராதத்தைக் கட்டியவுடன் அவர் பழையபடி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துவிடலாமா, அல்லது தமது தகுதியை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டுமா? இவ்வினாவுக்கு நம் நாட்டுச் சட்டம் அளிக்கும் விடையை மாணவர்களும் அலுவலர்களும் அறிந்திருத்தல் நன்று.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவற்றில் மதுவால் நேர்ந்தவை என அரசின் பதிவேடுகளில் காணப்படுபவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவே. இதைக் கொண்டு மதுவின் பங்கு சிறிது என முடிவு செய்துவிடலாகாது. விபத்து நேர்ந்தவுடன் ஓட்டுநரைப் பரிசோதிக்காவிடில் மதுவுக்குச் சான்று இராது. அவ்விபத்து 'அதிவேகம்' என்ற தலைப்பின்கீழ்ப் பதிவாகிவிடும்.

மது உடலில் செய்யும் வேலை

அருந்தப்பட்ட மது இரைப்பையிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் குருதியில் கலந்து மூளையை அடைகிறது. முதலில் பாதிக்கப்படுவது கால் தள்ளாட்டத்திற்குக் காரணமான பகுதியன்று. சீர்தூக்கிப் பார்க்கும் ஆற்றலே முதலில் மங்குகிறது. ஆகவேதான் மது அருந்தியவர் தமது நிலையைத் தாமே சரியாக மதிப்பிட இயலாதவராகிறார். 'நான் நிதானமாக இருக்கிறேன்' என்று அவர் கூறுவது பொய்யாக இராமல் போகலாம். ஆனால் அது நம்பத்தக்க சான்று ஆகாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. தடையை அழுத்துவதில் அரை வினாடி தாமதம் ஏற்பட்டாலும் வாகனம் 8 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையின் உயிர் அந்த எட்டு மீட்டரில் அடங்கியிருக்கக் கூடும்.

குருதியிலுள்ள மதுவை அகற்றும் பணியைப் பெரும்பாலும் கல்லீரலே செய்கிறது. சராசரி மனிதரிடம் 100 மில்லி லிட்டர் குருதியில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் மதுவின் அளவு குறைகிறது. காப்பி, மோர், குளிர்ந்த நீர்க் குளியல் முதலியன இவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. நள்ளிரவில் 150 மில்லிகிராம் அளவில் மது கொண்டிருந்த ஒருவர் காலை ஆறு மணிக்கு எழும்போதும் அவர் குருதியில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். சட்டம் வகுத்துள்ள வரம்பைப் போல் இது இரு மடங்காகும். உறங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையில் விடியற்காலையில் வண்டியை எடுக்கும் ஓட்டுநர்கள் இக்கணக்கை நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டம் கூறுவது

1939ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது கொண்ட நிலையில் வாகனம் ஓட்டுவதும், ஓட்ட முயல்வதும் குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. முதல் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அடுத்த குற்றத்திற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

குடிமகனுக்கு உரிய பாதுகாப்பும் சட்டத்தில் உண்டு. இக்குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்திற்குள் பதிவு பெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் அவரைக் காவலிலிருந்து விடுவித்துவிட வேண்டும். சான்று காலத்தோடு கரைந்துவிடும் தன்மையது என்பதால் இவ்விதி காவல்துறைக்கும் ஓர் எச்சரிக்கையாக அமைகிறது.

உரிமத்தின் மீதான நடவடிக்கை

சிறையும் அபராதமும் தண்டனையின் ஒரு பாதியே. மறு பாதி உரிமத்தைச் சார்ந்தது. இதனை இரு வழிகளில் சட்டம் அமைத்துள்ளது.

முதலாவது வழி நீதிமன்றத்தின் வழி. 185ஆம் பிரிவின்கீழ் ஒருவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றம், ஆறு மாதத்திற்குக் குறையாத காலத்திற்கு அவரைத் தகுதியிழக்கச் செய்ய வேண்டும் என 20ஆம் பிரிவு கூறுகிறது.

இரண்டாவது வழி நிருவாகத்தின் வழி. அதிகாரம் பெற்ற காவல்துறை அலுவலர் உரிமத்தைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்புகிறார். அதிகாரி, உரிமதாரரின் விளக்கத்தைக் கேட்டு, காரணங்களை எழுத்தில் பதிவு செய்து, முதல் குற்றமாயின் மூன்று மாதத்திற்குத் தகுதியிழக்கச் செய்யலாம். மீண்டும் குற்றம் செய்தவராயின் உரிமத்தை அறவே நீக்கிவிடலாம். இவ்வாணையை எதிர்த்து முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015ஆம் ஆண்டிலேயே, குடித்துவிட்டு ஓட்டுவோரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்குமாறு மாநிலங்களுக்குப் பணித்திருந்தது.

தகுதியிழந்த காலத்தில் வாகனம் ஓட்டுவது தனிக் குற்றமாகும். அதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

மீண்டும் கற்க வேண்டிய கட்டம்

காலம் கழிந்தால் உரிமம் தானே திரும்பிவிடும் என்ற நிலையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியது. அதிகாரியால் தகுதியிழக்கச் செய்யப்பட்டவர் ஓட்டுநர் மறுபயிற்சியை வெற்றியுடன் முடித்தால்தான், அக்காலத்தின் முடிவில் உரிமம் அவரிடம் திருப்பித் தரப்படும்.

உரிமம் அறவே நீக்கப்பட்டவரின் பாதை இன்னும் நீண்டது. தகுதியிழப்பு நீங்கிய பின் அவர் புதியவரைப் போலப் பழகுநர் உரிமத்திலிருந்து தொடங்க வேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இதற்கென ஓர் அறிமுகத் தேர்வை வகுத்துள்ளன. போக்குவரத்துச் சின்னங்களும் சாலை விதிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் ஆற்ற வேண்டிய கடமைகள், ஆளில்லா இருப்புப்பாதைக் கடவைகளில் மேற்கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கை, வாகனத்தில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றில் வினாக்கள் கேட்கப்படுகின்றன. நூற்றுக்கு அறுபது வினாக்களுக்கேனும் சரியான விடை அளிக்க வேண்டும். பழகுநர் உரிமம் பெற்றுக் குறைந்தது முப்பது நாள் கழிந்த பின்னரே ஓட்டும் தேர்வுக்கு வரலாம்.

கனரகச் சரக்கு வாகன ஓட்டுநருக்கு இதன் பொருள் கடுமையானது. இலகுரக வாகன உரிமத்தை ஓராண்டு வைத்திருந்தவருக்கே போக்குவரத்து வாகனத்திற்கான பழகுநர் உரிமம் வழங்கப்படும் என்பது சட்டம். எல்லா வகை வாகனங்களுக்குமான உரிமத்தை இழந்த லாரி ஓட்டுநர், ஓராண்டுக்கு மேல் தம் தொழிலை விட்டு விலகியிருக்க நேரிடும். அவரது ஊதியத்தை நம்பியுள்ள குடும்பமும் அத்தண்டனையில் பங்கு கொள்கிறது. உயிரைக் காக்கும் கடமையும் பிழைப்பைக் காக்கும் கடமையும் இங்கு எதிரெதிரே நிற்கின்றன. அதனாலேயே விளக்கம் கேட்பதும் காரணத்தை எழுத்தில் பதிவதும் வெறும் சடங்குகளாகிவிடலாகாது.

பயிற்சி எத்தகையதாக இருக்க வேண்டும்?

பிரிட்டனில் குடித்துவிட்டு ஓட்டுவோருக்குப் பொதுவாகக் குறைந்தது ஓராண்டு தடை விதிக்கப்படுகிறது. நீதிமன்றம் பரிந்துரைக்கும் சீர்திருத்தப் பயிற்சியை முடிப்பவர்க்குத் தடைக்காலத்தில் நான்கில் ஒரு பங்கு வரை குறைக்கப்படலாம். கற்பதற்கு ஊக்கம் அளிக்கும் இம்முறை சிந்திக்கத்தக்கது.

நம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி இலகுரக வாகனப் பயிற்சி நான்கு வாரங்களில் 29 மணி நேரமும், கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரமும் நடைபெறும். மறுபயிற்சிக்கும் இத்தகைய மையங்கள் துணை நிற்க இயலும்.

ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியவர் சிவப்பு விளக்கின் பொருளை அறியாதவர் அல்லர். சின்னங்களை மட்டும் மீண்டும் மனப்பாடம் செய்விப்பதால் அவர் திருந்திவிடமாட்டார். மது குருதியில் எவ்வளவு நேரம் தங்கும், அது முடிவெடுக்கும் ஆற்றலை எவ்வாறு குலைக்கும், விபத்தில் சிக்கிய குடும்பத்தின் கதி என்ன ஆகும் என்பவை பாடத்தின் நடுநாயகமாக இருத்தல் வேண்டும். குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர் எனத் தெரிய வருபவரைக் குற்றவாளியாக மட்டும் கருதாமல், மருத்துவ உதவிக்கும் அனுப்பி வைக்க வேண்டும். கையூட்டுக்கோ முகத்தாட்சண்யத்திற்கோ சான்றிதழ் வழங்கப்படுமானால் இத்திட்டம் முழுவதும் பயனற்றதாகிவிடும்.

அபராதம் கருவூலத்தைச் சேர்ந்தவுடன் சட்டத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. உரிமத்தைத் திருப்பித் தரும் அலுவலர், எதிரே வரும் அறியாத ஒருவரின் சார்பில் ஓர் உறுதிமொழியில் கையொப்பமிடுகிறார். அக்கையொப்பத்திற்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், அதற்கு முந்திய பயிற்சியும் தேர்வும் உண்மையானவையாக இருத்தல் இன்றியமையாதது.