வாங்கிய மென்பொருளில் எவ்வளவு கைவைக்கலாம்?

2023 ஆகஸ்ட் 1 அன்று ஜிஎஸ்டியில் ஒரு விதியின் வரம்பு இன்னும் கீழே இறங்கியது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களும் இனி பிற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை அரசின் தளத்தில் பதிந்து, அங்கிருந்து வரும் எண் அடங்கிய கியூஆர் குறியீட்டைப் பில்லில் அச்சிட வேண்டும். டேலி கணக்கு மென்பொருளை வாங்கியபடியே வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய வேலையாக இல்லை. புதிய பதிப்பிலேயே வசதி இருந்தது. பில்லின் வடிவத்தைத் தனியாக எழுதி வாங்கியிருந்தவர்களின் நிலை வேறு. அவர்களுடைய பில்லை அச்சிடுவது எப்போதோ ஒருவர் எழுதிக்கொடுத்த நிரல். கியூஆர் குறியீட்டை எங்கே அச்சிடுவது என்பது அந்த நிரலுக்குத் தெரியாது. எழுதியவரைத் தேடிப் பிடித்து, மறுபடி பணம் கொடுத்து, மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆயத்த மென்பொருளை நம் வசதிக்கு மாற்றி எழுதுவதன் உண்மையான விலை இங்கேதான் தெரியவருகிறது. மாற்றத்துக்காக முதலில் கொடுக்கும் தொகை சிறியதாகத்தான் இருக்கும். சட்டம் மாறும்போதும் புதிய பதிப்பு வரும்போதும் எழுதியவர் வேலையை விட்டுப் போகும்போதும் அது திரும்பத் திரும்பக் கேட்கும். டேலி, எஸ்ஏபி, ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் எதுவானாலும் பணம் கொடுத்து நாம் வாங்குவது இன்றைய நிரலை மட்டுமல்ல. வரி விகிதம் மாறினால், பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால், புதிய விண்டோஸ் வந்தால், அதையெல்லாம் ஒருவர் ஒருமுறை சரிசெய்து எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்புவார் என்ற ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். நாம் மாற்றி எழுதிய பகுதி அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. அதற்கு இனி நாம்தான் பொறுப்பு.

எல்லா மாற்றமும் ஒரே எடை கொண்டதல்ல. கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சேஸிஸ் கம்பெனியிலிருந்து வருகிறது. சீட்டு, ஜன்னல், பெயின்ட் எல்லாம் நம் விருப்பம். ஆனால் சேஸிஸை வெட்டி வெல்டு வைத்தால் அதன்பிறகு கம்பெனி உத்தரவாதத்தைக் கேட்க முடியாது. மென்பொருளிலும் இப்படி மூன்று படிகள் இருக்கின்றன.

முதல் படி, தயாரித்தவரே திறந்துவைத்திருக்கும் அமைப்புகள்: எந்தக் கணக்கு எந்தத் தலைப்பில் வர வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும், பில் எண் எப்படித் தொடங்க வேண்டும் போன்றவை. எத்தனை முறை மாற்றினாலும் சப்போர்ட் உண்டு, புதிய பதிப்பிலும் தொடரும். இரண்டாவது படி, தயாரித்தவர் இதற்கென்று விட்டுவைத்த இடங்களில் நம் நிரலைச் செருகுவது. டேலியில் டிடிஎல் மொழியில் எழுதும் ஆட்-ஆன்கள் இந்த வகை. எஸ்ஏபியில் வாடிக்கையாளர் எழுதும் நிரல்களின் பெயர் ஸெட் அல்லது ஒய் எழுத்தில் தொடங்க வேண்டும். அந்த எழுத்துகளில் எஸ்ஏபி தன் நிரல்களுக்குப் பெயர் வைப்பதில்லை, ஆகவே புதிய பதிப்பு வந்து அவற்றை அழித்துவிடாது. ஆனால் அழியாது என்பதற்கு ஓடும் என்று பொருளில்லை. நம் நிரல் படிக்கும் அட்டவணையைத் தயாரித்தவர் மாற்றியிருந்தால் நம் நிரல் தவறான எண்ணைக் காட்டும், அல்லது அப்படியே நின்றுவிடும்.

மூன்றாவது படிதான் ஆபத்தானது: தயாரித்தவர் எழுதிய நிரலையே திறந்து திருத்துவது. எஸ்ஏபியின் பழைய பதிப்புகளில் இதற்குத் தனிச் சாவி எண் வாங்க வேண்டும்; நீங்கள் எதைத் திறந்தீர்கள் என்பது அவர்களிடம் பதிவாகிவிடும். அப்கிரேடு செய்யும்போது, நீங்களும் திருத்தி அவர்களும் புதிதாக மாற்றிய இடங்கள் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து, நம்முடையதை வைத்துக்கொள்வதா, அவர்களுடையதற்குத் திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் வாரக்கணக்கில் ஆட்களைக் கட்டிப்போடும் வேலை இது. மைக்ரோசாஃப்ட் இந்தக் கதவையே மூடிவிட்டது: டைனமிக்ஸ் 365-இல் அடிப்படை நிரலின் மேல் எழுதும் முறை 2018-இல் நிறுத்தப்பட்டது. இனி செருகல்கள் மட்டும்தான். வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள் என்றாலும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இனி சப்போர்ட்டுக்கு வருவோம். ஆரக்கிளில் ஆண்டு சப்போர்ட் கட்டணம் லைசென்ஸ் விலையில் 22 சதவீதம். எஸ்ஏபியில் திட்டத்தைப் பொறுத்து 19 அல்லது 22. 22 சதவீதம் என்றால் ஐந்தாவது ஆண்டு முடிவதற்குள் லைசென்ஸை இன்னொரு முறை வாங்கிய அளவுக்குப் பணம் போய்விடும். அதற்கு என்ன கிடைக்கிறது? தயாரிப்பில் பிழை இருந்தால் திருத்தம், பாதுகாப்பு பேட்ச், சட்ட மாற்றங்கள், புதிய பதிப்பு. நாம் எழுதிய நிரல் இதில் எங்கும் வராது. ஒரு கோளாறைப் புகார் செய்தால், உங்கள் மாற்றங்களை நீக்கிவிட்டுப் பாருங்கள், அப்போதும் வருகிறதா என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. டேலி ஆட்களும் ஆட்-ஆன்களை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கச் சொல்வார்கள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் நம் நிரலில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்க உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சோதனையைச் செய்யவே ஒரு நாள் போய்விடும். தயாரித்தவர், நிறுவிக்கொடுத்த பார்ட்னரைக் காட்டுவார். பார்ட்னர் தயாரித்தவரைக் காட்டுவார். நடுவில் நிற்பவர் வாடிக்கையாளர்.

இப்படி மாற்றி எழுதுவது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் ஒரு கண்கூடான சாட்சி. 1999 முதல் எஸ்ஏபியில் இருந்த அந்த மன்றம் ஆரக்கிளின் ஃப்யூஷன் மென்பொருளுக்கு மாற முடிவெடுத்தது. முதலில் எடுத்த முடிவு நல்ல முடிவு: மென்பொருளின் முறைக்கு நாமே மாறிக்கொள்வோம் என்பது. போகப்போக அது நழுவியது. பழைய நடைமுறைகளைக் காப்பாற்ற மாற்றங்கள் சேர்ந்தன. வங்கியில் வந்த பணத்தைக் கணக்கோடு பொருத்திப் பார்க்கும் பகுதியும் அப்படித் தனியாக உருவாக்கப்பட்டதுதான். 2022 ஏப்ரலில் புதிய மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. பொருத்தும் பகுதி ஒழுங்காக வேலை செய்யவில்லை. எந்தப் பணம் எதற்காக வந்தது என்பதை ஆட்களை வைத்துக் கையால் சரிபார்க்க வேண்டியதாயிற்று. தணிக்கைக்குத் தகுந்த கணக்கைத் தர மன்றத்தால் முடியவில்லை. 1.9 கோடி பவுண்டில் முடியும் என்று தொடங்கிய திட்டத்தின் செலவு 10 கோடி பவுண்டைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் மன்றம் தன்னிடம் போதிய பணமில்லை என்று அறிவித்ததற்கு முதன்மையான காரணம் பெண் ஊழியர்களின் சம ஊதியக் கோரிக்கைகள். ஆனால் இந்த மென்பொருளும் அந்தச் சுமையில் சேர்ந்தது. பின்னர் எடுத்த முடிவு, ஆரக்கிளை மாற்றம் ஏதுமின்றி அதன் சொந்த வடிவிலேயே திரும்ப நிறுவுவது என்பது.

ஜெர்மனியின் லிடில் கடைத்தொடரும் ஏறக்குறைய இதே வழியில் போனது. 2011-இல் தொடங்கிய எஸ்ஏபி திட்டத்தை 2018-இல் கைவிட்டார்கள். சுமார் 50 கோடி யூரோ செலவானதாக ஜெர்மன் நாளேடுகள் எழுதின. அவை சொன்ன ஒரு காரணம் கவனிக்கத்தக்கது: லிடில் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டுவந்தது, எஸ்ஏபியின் சில்லறை வணிக மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. லிடில் தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சரக்கு மதிப்பு என்பது கொள்முதல், லாபக் கணக்கு, கிடங்கு என்று எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது. ஆகவே ஒரு இடத்தில் தொட்டது நூறு இடங்களில் வெளிப்பட்டது.

அப்படியானால் எதையும் மாற்றவே கூடாதா? அப்படி அறிவுரை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மென்பொருளுக்குள் இருப்பதெல்லாம் உலகின் சிறந்த நடைமுறை என்று விற்பனையாளர் சொல்வார். அது பெரும்பாலும் முதல் வாடிக்கையாளர்களின் நடைமுறை, அவர்களுடைய நாட்டின் நடைமுறை. திருப்பூரின் பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, அங்கிருந்து காம்பேக்டிங், பிறகு பிரின்டிங். ஒவ்வொன்றும் வெளியே ஜாப் வொர்க். ஒவ்வொரு இடத்திலும் எடை குறையும், நிறவாரியாக, லாட்வாரியாகத் திரும்பி வரும். எந்தப் பட்டறையில் எவ்வளவு சேதாரம் என்பதில்தான் லாபமே இருக்கிறது. பொதுவான சரக்குக் கணக்கால் அதைப் பிடிக்க முடியவில்லை என்றால், அதற்குத் தனியாக எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? மேற்பார்வையாளர் ஒரு எக்செல் கோப்பு வைத்துக்கொள்வார். உண்மையான கணக்கு அதில் இருக்கும். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் மாதக் கடைசியில் அதைப் பார்த்து எண்களை நிரப்புவார்கள். அந்த எக்செல்லுக்கு எந்த சப்போர்ட்டும் இல்லை. மாற்றாமல் இருப்பதற்கான விலையும் இப்படி உண்டு, ஆனால் அது எந்தப் பில்லிலும் வராது.

ஆகவே கேட்க வேண்டியது, இந்த வேலையில் நாம் மற்றவர்களைவிட உண்மையிலேயே வேறுபடுகிறோமா என்பது. சம்பளக் கணக்கு, வரி, வங்கிப் பொருத்தம், பில் வடிவம் இவற்றில் கைவைக்கக் காரணம் அநேகமாக இல்லை. முப்பது ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம் என்பது காரணமாகாது. சட்டம் அடிக்கடி தொடும் இடங்களும் இவையே. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்று சுருங்கியபோது, பழைய 12-ஐயும் 28-ஐயும் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால் அதைத் தேடித் திருத்துவது யார் வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், ஒப்பந்தத்தில் சிலவற்றைப் பிடிவாதமாகக் கேளுங்கள். முதலாவது மூல நிரல். டேலி ஆட்-ஆன்கள் பெரும்பாலும் டிசிபி கோப்பாகக் கைக்கு வரும். அது தொகுக்கப்பட்ட வடிவம், உள்ளே திறந்து படிக்க முடியாது. எழுதியவர் கடையை மூடிவிட்டால், அவர் செய்ததை இன்னொருவர் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். மூல நிரலும், என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்ற குறிப்பும் உங்கள் அலமாரியில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அந்த நிரலைச் சரிபார்த்துத் தரும் பொறுப்பு யாருடையது, அதற்கு எவ்வளவு என்பது. இதை முதலிலேயே ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அவசரத்தில் பேரம் பேச முடியாது. 2023-இல் டேலிபிரைம் 3.0 வந்தபோது பழைய கணக்குத் தரவையே புதிய வடிவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஜிஎஸ்டி பகுதியைத் தொட்டு எழுதிய ஆட்-ஆன்கள் பலவற்றுக்குத் திருத்தம் தேவைப்பட்டது. தரவின் நகலை வேறொரு கணினியில் வைத்து முதலில் அங்கே சோதித்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு இப்போது ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. எஸ்ஏபியின் பழைய ஈசிசி மென்பொருளின் கடைசிப் பதிப்புகளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை. அதன் அடுத்த தலைமுறையான எஸ்/4ஹானாவுக்கு மாறுவதற்காகத் தங்கள் ஸெட் நிரல்களை எண்ணத் தொடங்கியவர்கள், யாரும் ஆண்டுக்கணக்கில் ஓட்டாத அறிக்கைகளையும், எதற்கென்று ஒருவருக்கும் நினைவில்லாத திருத்தங்களையும் கண்டெடுக்கிறார்கள். அவற்றைத் தூக்கிப்போடுவதுதான் முதல் வேலை.

கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் தானாகப் பதிய வேண்டும், அதை அணைத்துவைக்க முடியக் கூடாது. அது ஆண்டு முழுவதும் இயங்கியதா என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். மென்பொருள் தன் வழியாக நடக்கும் பதிவுகளுக்குத் தடம் வைக்கும். தனியாக எழுதிய நிரல் தரவுத்தளத்துக்குள் நேரடியாக எழுதினால் அந்தத் தடம் விட்டுப்போகும். எந்தெந்த ஆட்-ஆன்கள் கணக்கில் எழுதுகின்றன, எந்த வழியாக எழுதுகின்றன என்ற பட்டியலை ஆண்டுக் கணக்கு முடிவதற்கு முன்பே நிரலாளரிடம் கேட்டு வாங்கித் தணிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.